கண்ணில் படாத படம்

பரவை மார்க்கெட்டுக்கு எதிரே என் கணினிக் கடையில், மதிய வெயில் விசைப்பலகையின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. கப்பலில் இருக்கும் கணவன் பார்ப்பதற்காக, குழந்தை பிறந்த அன்று எடுத்த ஒரே படத்தை ஆர்த்திகா என் சர்வரில் ஏற்றியிருந்தாள். இப்போது அதைக் காணோம். அவள் போனும் தண்ணீரில் விழுந்துவிட்டது. கோப்புகளைக் காட்டும் நிரலை எழுதிய மேதை நான்தான். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்ததோடு என் வித்தை தீர்ந்துவிட்டது. “படத்தோட பேரை மாத்துனியாம்மா?” “முன்னால ஒரு புள்ளி மட்டும் வச்சேண்ணே. ஆசுபத்திரி அவசரத்துல கன்னத்துல பொட்டு வைக்கலையே, கண்ணு பட்டுருச்சுன்னா?” புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளை என் நிரல் மறைத்துவிடும். மறைந்ததைக் காட்டச் சொல்கிறேன். திரை முழுக்கக் குழந்தையின் சிவந்த கொட்டாவி. புள்ளியை அழிக்கப் போகிறேன். “அது கெடக்கட்டும்ணே. அவருக்கு மட்டும் தெரியுற மாதிரி செய்யுங்க” என்கிறாள். நிரலில் ஒரு வரி சேர்க்கிறேன். அவள் திரையிலுள்ள கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கிறாள். புள்ளியைத் தாண்டிப் பார்த்த கண் என்னுடையதுதானே.