ஆறு நாள் தூரம்

சூரியனாக ஆகத் துப்பில்லாமல் பாதியிலேயே அவிந்துபோன கோளம் அது. தணல் என்று பெயர். பெரிய சூரியனைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்த ஆய்வு நிலையத்தில் செண்பகவல்லி பத்து மாதக் குழந்தையோடு இருந்தாள். புருஷன் பூதலிங்கத்துக்கு அந்தச் சூரியனின் ஜோடிச் சூரியன் பக்கம் சுரங்க வேலை. ஒரு வார்த்தை போய்ச்சேர ஆறு நாள். பதில் வர இன்னும் ஆறு நாள்.

குழந்தையின் காதில் தகப்பன்தான் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிடக் கூடாது. அவர்கள் குடும்ப வழக்கம் அப்படி. "அப்பா சொல்லுவாரு, பொறுடி" என்று செண்பகவல்லி தினமும் குழந்தையிடம் சொல்வாள்.

அவன் நாச்சியார் என்றான், இவள் ஆதிரை என்றாள். சண்டை போட்டு அலுத்து, "நாச்சியாருன்னே வைங்க" என்று இவள் அனுப்பிய அதே நாளில், "ஆதிரையே இருக்கட்டும்" என்று அவனும் அனுப்பியிருந்தான். அதைக் கேட்டு இவள் ஆதிரைக்குத் திரும்பினாள். அவன் நாச்சியாருக்குத் திரும்பியிருந்தான். இப்படிப் பத்துத் தடவை. அவரே முடிவு பண்ணட்டும் என்று இவள் ஒரு மாதம் கம்மென்று இருந்தாள். அங்கே அவனும் அதையேதான் செய்தான்.

இன்று காலை அவன் குரல் வந்தது. குழந்தையை அள்ளி ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்தாள்.

"செம்பகம், நீயே சொல்லிரு. எந்தப் பேரு?"

"நாசமாப் போச்சு!" குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அது வயர்களை நோக்கித் தவழ்ந்தது.

"ஏய், பொறுடி!"

பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது.