செவலையின் சட்டி

நான் நெல் குத்துகிற உலக்கையால்தான் இவர் எங்கள் நாய் செவலையை அடித்துக் கொன்றார்.

கொல்லைத் தென்னையில் கட்டிப்போட்டு அடித்தார். கட்டும்போதும் அது வாலை ஆட்டியது.

உலக்கைப் பூணில் செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது. இனி அந்த உலக்கையை எப்படித் தொடுவேன்? அதைப் பிடித்த கைக்கு எப்படிச் சோறு போடுவேன்?

நாலைந்து நாளாகச் செவலைக்கு மூக்கில் ரத்தம். தும்மித் தும்மி, முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டே கிடந்தது. பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள்தான் முதலில் வெறி என்றாள். மத்தியானத்துக்குள் மேலகரம் முழுக்க அதையே சொன்னது.

தென்காசி மாட்டாஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று இவரிடம் கெஞ்சினேன். வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும், இது தொட்டித் தண்ணீரை ஓடிப்போய் நக்கிக் குடிக்கிறதே என்றும் சொன்னேன்.

நாய்க்கு வண்டி கட்டினால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் சிரித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் இவருக்கு.

இத்தனைக்கும் செவலை இவருடைய செல்லம். போன மாசம் குற்றாலத்தில் ஐம்பத்தெட்டாம் வருஷச் சாரல் தொடங்கியதும், செண்பகாதேவி அருவிக்கு அதையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரை இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து குடித்தோம் என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்தார். நானும் சிரித்தேன்.

எனக்குச் சிரிப்பு வராத விஷயம் இவர் துண்டு. வாயில் எந்நேரமும் வெற்றிலை, துடைப்பதெல்லாம் தோள் துண்டில். அதைக் கல்லில் அடித்துத் துவைக்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கும். இந்த வாரம் கறை இன்னும் மோசம்.

உலக்கையைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கத்தினார்.

“ஏட்டி, உள்ள போ! அதைத் தொட்டேன்னா தொப்புளைச் சுத்தி ஊசி போடணும்.”

நான் போகவில்லை. மூஞ்சியையாவது கழுவிப் புதைக்கலாம் என்று அதன் மண்சட்டியில் தண்ணீர் மோந்து வந்தேன். தலையைத் தூக்கிச் சட்டி விளிம்பில் வைத்தேன். மூக்கு தண்ணீரில் பட்டது.

மூக்குக்குள் ஏதோ நெளிந்தது.

கறுப்பாக, வழவழவென்று, தண்ணீரை மோப்பம் பிடித்து நீண்டது. பிறகு சட்டியில் விழுந்து சாவகாசமாக நீந்தியது. அட்டை. ரத்தம் குடித்துக் குடித்துக் கட்டைவிரல் கனத்துக்கு ஊதிப்போயிருந்தது.

வெறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு சட்டித் தண்ணீரில் கொஞ்ச நேரம் மூக்கை அசையாமல் பிடித்திருந்தால் இறங்கிப் போயிருக்கும்.

வேலியோரம் ஓடி வாந்தி எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பார்வதியம்மாளும் தெருச் சனமும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பினேன். இவர் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

தும்மினார். அவசரமாகத் துண்டை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

துண்டு சிவந்தது.

காலையிலிருந்து இவர் வெற்றிலைப் பெட்டியைத் தொடவே இல்லை.

அப்படியானால் நான் ஒரு வாரமாகத் துவைத்தது வெற்றிலைக் கறை இல்லை. இரண்டு பேரும் குனிந்து குடித்த அந்தப் பாறைக் குழியில் இவர் மூக்கிலும் ஓர் அட்டை ஏறியிருக்கிறது. தன் மூக்கில் வடிந்த ரத்தத்தைத் துண்டில் துடைத்து மறைத்துக்கொண்டு, அதே ரத்தத்துக்காகச் செவலையை அடித்துக் கொன்றிருக்கிறார். சீ, என்ன மனுஷன்.

சட்டியைக் கவிழ்த்தேன். தரையில் நெளிந்த அட்டையை உலக்கையாலேயே நசுக்கினேன். மறுபடியும் தண்ணீர் மோந்து, விளிம்பு வரை நிரப்பி, இவர் காலடியில் வைத்தேன். அடுக்களையில் நல்ல பித்தளைப் பாத்திரம் இருந்தது. எடுத்து வர எனக்கு மனசில்லை.

“குனியுங்க” என்றேன்.

வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மண்டி போட்டு, இரண்டு கையையும் ஈர மண்ணில் ஊன்றி, செவலையின் சட்டியில் மூக்கை வைத்தார்.