விட்ட தாளம்

பிடில் வில்லைத் தந்தியில் வைக்கும்போதே நார்சிஸ் முடிவு செய்துவிட்டான். ஸெலியின் முறை வரும்போது தாளத்தை விட்டுவிட வேண்டும். அவள் தடுக்கி விழ வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் அடிமைச் சந்தையில், வாங்க வருபவர்கள் முன்னால் எல்லோரும் ஆடியாக வேண்டும். கால் வலுவாக இருக்கிறதா, மூச்சு தாங்குகிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கூத்து. நார்சிஸும் அடிமைதான். சந்தைக்கு ஒரு பிடில்காரன் வேண்டும் என்பதால் அவனை மட்டும் விற்காமல் வைத்திருந்தார்கள்.

ஸெலி அவன் மனைவி.

"அந்த மஞ்சத் துணிக்காரி இன்னைக்கும் விலை போகலேன்னா அடுப்படியில தள்ளிடு" என்று காலையில் தரகன் காவல்காரனிடம் சொன்னது நார்சிஸ் காதில் விழுந்தது.

அடுப்படி என்றால் இங்கேயே, இதே மதிலுக்குள். அதை ஸெலியிடம் சொல்ல வழியில்லை. பெண்களை வேறு கொட்டடியில் பூட்டியிருந்தார்கள்.

எல்லோர் முன்னாலும் தரகன் நார்சிஸிடம் சொன்னது வேறு.

"டேய், ஒரு அடி பிசகினாலும் உன் விரலு உனக்கில்ல."

விரல் போனால் போகட்டும்.

கரும்புத் தோட்டக்காரன் ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் தோட்டத்துக்குப் போன பெண்கள் மூன்று அறுவடை தாண்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மஞ்சள் தலைத்துணியோடு ஸெலி முன்னால் வந்தாள். பாவி மகள், என்ன ஆட்டம்!

நார்சிஸ் வில்லை நழுவவிட்டான். பாட்டு அறுந்தது.

அவள் விழவில்லை. தொடையில் தட்டினாள், மார்பில் தட்டினாள், குதிகாலால் மண்ணை உதைத்தாள். அவன் விட்ட இடத்திலிருந்தே தாளம் எழுந்தது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி ஆடும் மைதானத்தில் அவன் வேண்டுமென்றே பாட்டை அறுப்பான், அவள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வாள். அப்படித்தானே இருவருக்கும் காதலே வந்தது. அந்தப் பாழாய்ப்போன விளையாட்டை எப்படி மறந்தான்?

மறுபடி அறுத்தான். மறுபடி பிடித்தாள். வரிசையில் நின்றவர்களின் கைகளும் சேர்ந்துகொண்டன.

தரகனுக்குப் பாட்டு பிசகியதே தெரியவில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றான்.

தோட்டக்காரன் எழுந்து மஞ்சள் துணியை நோக்கிக் கையை நீட்டினான்.

இழுத்துப் போகும் வழியில் ஸெலி நார்சிஸ் அருகே ஒரு நொடி நின்றாள். மூச்சிரைத்தது. சிரிக்கப் பார்த்தாள்.

"கூறுகெட்ட மனுசா, விரலு போயிருக்குமே. இனிமே பிடிக்க ஆளில்ல. பாத்து வாசி."