வள்ளமும் ஆமையும்

ஒரு முக்கோணம் கீறிக் காட்டச் சொன்னதுக்கு, கொம்பியூட்டர் படிப்பிக்கிற குகதாசன் சேர் இருபது நிமிஷமாக் கறுப்புத் திரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

புதுக்குடியிருப்பில எங்கடை பள்ளிக்கூடக் கொம்பியூட்டர் அறை. முன் கதிரையில, போட்ட மாலையோட கனடா இன்னாசித்தம்பி அண்ணை. பழைய மாணவர், பத்துக் கொம்பியூட்டர் வாங்கித் தந்தவர். பக்கத்தில அதிபர் கனகலிங்கம், வேர்த்து விறுவிறுத்துப்போய்.

அண்ணைக்கு ஆரோ வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பியிருக்கினம். வவுனியா கம்பஸ் பெடியன் ஒருத்தன் ஏதோ பெரிய மென்பொருளில புரோகிராம் எழுதிச் செய்ததாம்: நந்திக்கடல் அலையில ஒரு வள்ளம் ஆடும். அதைப் பார்த்திட்டு, எங்கடை பத்தாம் வகுப்புப் பிள்ளையளும் அதே பெரிய மென்பொருளிலதான் படம் கீறப் பழகவேணும் எண்டு அண்ணை ஒரே பிடி. அதிபரும் ஓம் எண்டிட்டார்.

ஆமை போதும் எண்டு குகதாசன் சேர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தவர். "முன்னுக்கு நூறு" எண்டு அடிச்சால் திரையில ஒரு ஆமை நடந்து கோடு கீறும். பெரியதில தொடங்கினால், இருபது பிள்ளையளில மூண்டாம் கிழமை அஞ்சுதான் மிஞ்சும் எண்டார். ஆர் கேட்டது? அது குழந்தைப்பிள்ளை விளையாட்டாம்.

இப்ப பாருங்கோ, அறுபது வரி அடிச்சாச்சு. முக்கோணத்தைக் காணேல்ல. கணக்குப் படிப்பிக்கிற எனக்கே வெக்கமாக் கிடந்தது.

பக்கத்து மேசையில பத்தாம் வகுப்பு யதுர்ஷிகா. கொம்பியூட்டரைத் தொட்டு ரெண்டு நாள்தான். சேர் போட்டுவிட்ட ஆமையை நடத்தி ஒரு சதுரம் கீறி, அதைச் சுத்திச் சுத்தி ஒரு பூவே ஆக்கிப்போட்டாள். அண்ணை எழும்பிப் போய் அவளுக்குப் பின்னால நிண்டு பார்த்தார்.

"படிச்ச வாத்திக்கே வராதது பிள்ளையளுக்கு எப்பிடி வரும்? ஆமையையே படிப்பியுங்கோ அதிபர்," எண்டார். வெளிக்கிடேக்க, "தம்பி, நீரும் ஆமையிலயிருந்து தொடங்கும்."

பிள்ளையள் சிரிச்சுதுகள்.

"ஓம் அண்ணை," எண்டார் குகதாசன் சேர்.

அதிபர் அவற்ற பேரை மாகாணப் பயிற்சிக்கு அனுப்பிற பட்டியலில இருந்து வெட்டினார். சேர் தன்ரை கொம்பியூட்டர்ப் பட்டத்தை எந்தச் சந்தையில வாங்கினவரோ எண்டு ஓய்வறையில ஒரே கதை. பொய் சொல்லக்கூடாது, நானும் சேர்ந்துதான் சிரிச்சனான்.

மூண்டாம் கிழமையும் இருபது பிள்ளையளும் வகுப்பில இருந்ததுகள்.

அண்டைக்குப் புள்ளி பதிய குகதாசன் சேரின்ரை லப்டொப்பை இரவல் வாங்கினன். திறந்தால், "கம்பஸ்" எண்டு ஒரு கோப்புறை. சும்மா இருக்கேலாமல் அமத்திப் பார்த்தன்.

நந்திக்கடல். அண்ணையின்ரை வட்ஸ்அப்பில பார்த்த அதே வள்ளம் அலையில ஆடிச்சுது. பக்கத்தில, அதைச் செய்த ரெண்டாயிரம் வரிப் புரோகிராம். முதல் வரியில, எழுதினவர்: குகதாசன்.