பகல் சாப்பாட்டுக் கணக்கு

"பாய், இன்னொரு டீ."

"ஸ்லிப் இருக்கா?"

ஏலகிரி மலையில் கூடாரம் அடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அரங்கநாதனுக்கு ஜியாவுல்லா பாயைப் பிடிக்காமல் போய்விட்டது.

ஆம்பூர் ஷூ கம்பெனி இசைக்குழு அது. மலையில் மூன்று நாள் கோடை இசைவிழா, கடைசி நாள் போட்டி. ஒவ்வொரு கம்பெனிக் குழுவும் தன் கூடாரத்தில் தானே பொங்கித் தின்ன வேண்டும். மூன்று நாளுக்கும் சேர்த்து ஆளுக்கு இருபது ரூபாய், பத்துப் பேர். சம்பளத்தில் பிடித்துப் பாயிடம் கொடுத்துவிடும்படி எல்லோரும் டைம் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அரங்கநாதன்தான் குழுவின் பாடகன். ஒத்திகைக்காகவே பதினைந்து நாள் சம்பளமில்லா லீவு போட்டவன். சம்பளக் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மனைவி பூரணியிடம் நீட்டிவிடுகிற மகராசன்.

பாய் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஸ்லிப் இல்லாமல் அவர் ஸ்டோரிலிருந்து ஒரு ஆணி வெளியே போகாது. அந்த ஸ்லிப் புத்தகத்தை மலைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆளுக்கு டீ இரண்டு, போண்டா ஒன்று, மூன்று வேளைச் சாப்பாடு. அதற்கு மேல் முதலாளியே வந்து கேட்டாலும் கிடையாது.

"பாட்றவனுக்குத் தொண்டை காயுது பாய். ஒரு டீக்குப் போய் இன்னா பேஜார் பண்றீங்க?"

"தண்ணி இருக்கு, குடி. அதுக்கு ஸ்லிப் வேணாம்."

ரம்ஜான் மாதம். பாயும் நோன்பு, சமைக்க வந்த கலீமுல்லாவும் நோன்பு. உப்புப் பார்க்கக்கூட வழியில்லாமல் கலீமுல்லா குஸ்காவை இறக்கும் முன் அரங்கநாதனைத்தான் கூப்பிடுவார்.

"சமைக்கிறவரும் சாப்பிடல, கணக்கு எழுதறவரும் சாப்பிடல. நம்ம பசி இவங்களுக்கு எப்டிடா தெரியும்?" என்று டோலக் வாசிக்கும் மூர்த்தியிடம் அங்கலாய்த்தான்.

எதிர்க் கூடாரம் ராணிப்பேட்டைக் குழு. மூன்று வருஷமாகக் கோப்பையை விடாதவர்கள். முதல் நாள் பிரியாணி, இரண்டாம் நாள் கோழி, நினைத்த நேரமெல்லாம் ஐஸ் போட்ட கலர் சோடா. வாசனை இந்தப் பக்கம் வந்து இவனைப் படாதபாடு படுத்தியது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவனுக்குப் பொறி தட்டியது.

"மூர்த்தி, பணம் எத்தினி பேருக்கு?"

"பத்து."

"பகல்ல தட்டு எத்தினி?"

"எட்டு."

"அப்போ பாயோட பகல் சாப்பாடு, கலீமுல்லாவோடது, அவங்க டீ, எல்லாம் சேத்து மூணு நாளுக்கு இருபது ரூபா மிச்சம் ஆவுதே. அது எங்க போச்சு?"

"நோன்பு நேரத்துல அவரு அப்டி பண்ண மாட்டாருடா."

"நோன்பு வயித்துக்குத்தான். பாக்கெட்டுக்கு இல்ல."

சொன்னதோடு விடவில்லை. நேரே போய்ப் பாயிடமே கேட்டான். பாயின் முகம் சுருங்கியது. கணக்குப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

"மொதல்ல பாடி ஜெயிச்சுட்டு வா தம்பி."

"வருவேன். வந்து எல்லார் எதிர்லயும் கேப்பேன்."

திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது டீகூட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் ராணிப்பேட்டைக் கூடாரத்தில் அடுப்பு எரியவில்லை. கையிருப்பு தீர்ந்து, ஆளுக்கு ஒரு பன்னை வைத்துக்கொண்டு யார் ஜாஸ்தி செலவு செய்தது என்று அடித்துக்கொண்டார்கள். இந்தக் கூடாரத்தில் எட்டுத் தட்டிலும் சுடச்சுடக் குஸ்கா, கத்திரிக்காய் கொத்சு.

மேடையில் ராணிப்பேட்டைப் பாடகருக்கு மேல் ஸ்தாயியில் குரல் கம்மிவிட்டது. குடித்த கலரெல்லாம் தொண்டையில் வேலையைக் காட்டிவிட்டது. அடுத்து அரங்கநாதன் ஏறினான். வயிறு நிறைந்திருந்தது, மனசு துணிந்திருந்தது. பிடித்த சுருதியை விடாமல் அவன் உச்சிக்குப் போனபோது கூட்டம் எழுந்து நின்றது.

முதல் பரிசு ஆம்பூருக்கு. ஆளைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஜென்மம் எடுத்ததற்கு இது போதும் என்று இருந்தது அவனுக்கு. ஜியாவுல்லா பாய்கூட உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்.

மலையிறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாட்டு. கோப்பையை மடியில் வைத்திருந்த அரங்கநாதன் எழுந்தான். இன்றைக்கு அவன் பேச்சை யார் தட்டப் போகிறார்கள்?

"ஜெயிச்சாச்சு பாய். இப்பக் கணக்கைப் படிக்கலாமா?"

"வேணாம் தம்பி. சந்தோஷமா இருக்கிற நேரம்."

"பாத்தீங்களா, நழுவறாரு."

"அரங்கா, சொன்னாக் கேளு, உக்காரு" என்றார் கலீமுல்லா. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அவன் கேட்கவில்லை. பாயின் பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை உருவினான். வரவுப் பக்கத்தைப் பிரித்து, கோப்பை வாங்கித் தந்த அதே குரலில் பஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தான்.

"மூர்த்தி, இருபது. கிருஷ்ணராஜ், இருபது. கலீமுல்லா, இருபது. ஜியாவுல்லா, இருபது."

எட்டு, ஒன்பது என்று பெயர்கள் போயின. எல்லாம் இருபது. பத்தாவது பெயர் வந்தது. நிறுத்த நினைப்பதற்குள் வாய் படித்துவிட்டது.

"அரங்கநாதன். லீவும் அட்வான்சும் போக, சம்பளத்தில் பிடிக்க மிச்சமில்லை. நோன்பாளிகள் இருவரின் பகல் பங்கில் சரி செய்யப்பட்டது. குறிப்பு: பாட வேண்டிய பிள்ளை, அவன் காதுக்குப் போக வேண்டாம்."