எட்வின் துரை என்ற போல்டர்

மூன்றாவது நாளாகப் பியூலா அந்த ஐந்து வரி புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். புரோகிராமை ஓட்டித் தரும் கம்பைலர் அதே பதிலைத்தான் சொன்னது: எட்வின் என்று எதுவும் இல்லை. லேப்டாப் அவள் கணவன் எட்வின் துரையுடையது. அவன் இறந்து ஏழு மாதமாகிறது. வேலைக்கான தேர்வு திங்கட்கிழமை.

பயிற்சி மையத்து நிவேதா போனில் விளக்கினாள். "போல்டர் பேரு எட்வின் துரைன்னு இருக்குல்லாக்கா, நடுவுல இடம் விட்டிருக்கு. கம்பைலர் எட்வின்ங்கிற பாதிப் பேரோட நின்னுட்டு அதையே தேடுது. பைலைக் காப்பி எடுத்து டி டிரைவ்ல போடுங்க. அவரு பேரே வராத இடமா இருக்கட்டும்."

பியூலா அப்படியே செய்தாள். என்டரைத் தட்டியதும் விடை வந்துவிட்டது.

"வந்துட்டுல்லா? இனி பழசை அழிச்சிருங்கக்கா. இல்லன்னா குழப்பும்."

"சரிம்மா" என்று போனை வைத்தாள். கழுத்து விண்விண்ணென்று வலித்தது. இன்னும் பத்து புரோகிராம் மிச்சம் இருந்தது. அவள் பழைய போல்டரைத் திறந்து, அங்கே கிடந்த பைலை இன்னொரு முறை ஓட்டினாள்.

இல்லை என்று சொல்வதற்கு முன், அது ஒரு நொடி எட்வினைத் தேடியது.