தங்கை வீட்டுக் கதவு

சாயங்கால வெயிலில் பெயின்டர் தன் தங்கை வீட்டுக் கதவில் 'விலகி' என்று, ஊர்ச் சபை ஒதுக்கிவைக்கிறவர்களுக்கான வசவைச் சிவப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று சபையில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னபோது, மாப்பிள்ளை மட்டும் ஓரமாக உட்கார்ந்தே இருந்துவிட்டார். சபைக்காரர்கள் இரண்டு பேர் தெருவில் நின்று பார்க்கிறார்கள். எழுத மாட்டேன் என்றால் நாளைக்கு அதே சொல் பெயின்டரின் கதவில். ஜன்னலுக்குப் பின்னால் மாப்பிள்ளை நிற்கிறார். அகராதி வேலை பார்க்கிற மனுஷன். வாய் சும்மா இருக்காது. "அந்தக் காலத்துல இது வசவே இல்ல மச்சான். கூட்டத்துல கொஞ்சம் தள்ளி உக்காந்தவன், அவ்வளவுதான் அர்த்தம்." "இப்ப அதுதான் ரொம்ப முக்கியமா மாப்ள?" பெயின்டர் பல்லைக் கடிக்கிறார். தங்கை பெயின்ட் நெடி ஏறாமல் குழந்தையின் மூக்கைப் பொத்திக்கொண்டு, அண்ணனின் கையையே பார்க்கிறாள். கடைசி எழுத்தின் கொக்கி வழுவழுவென்று வளைந்து முடிகிறது. கோணலாக எழுத அந்தக் கைக்குத் தெரியாது. பிரஷைத் துடைக்கப் போனவர், எந்தப் பெயர்ப்பலகையை எழுதி முடித்தாலும் செய்கிற பழக்கத்தில், குனிந்து கதவின் கீழ் மூலையில் சின்னதாகத் தன் பெயரைப் போடுகிறார். "அண்ணே," என்கிறாள் தங்கை, அன்றைக்கு முதல் தடவையாக. "உன் பேரையுமா?"